அந்தக் கதையில் பொண்ணு இல்லை

திருவண்ணாமலையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் லேசில் போன் செய்கிற ஆள் இல்லை. பௌர்ணமிக்கு நான் வருகிறேனா, இல்லையா என்பதைக்கூட அக்காவை விட்டுத்தான் கேட்கச் சொல்வார். அதனால் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. யாருக்கு என்ன ஆச்சோ?

“மாப்ள, ஒரு எட்டு வந்துட்டுப் போ. உங்கக்கா பொண்ணு போன்ல கண்ட கருமத்தையும் படிச்சிட்டிருக்கா. வெளிய சொல்ல முடியல.”

“என்ன மாமா, லவ்வா?”

“லவ்வா இருந்தா நானே பேசித் தீர்த்திருக்க மாட்டேனா? இது வேற. ஆம்பளையும் ஆம்பளையும்...” அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. இருமினார். “நீதான் பத்திரிகைல எழுதுறவன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். வந்து எடுத்துச் சொல்லு.”

‘உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்’ என்பதில் இருந்த குத்தலை விட்டுத்தள்ளுங்கள். நான் பி.காம். படித்துவிட்டு வழி தவறிப் பத்திரிகைக்கு வந்தவன். இருபது வருஷமாக உறவுக்காரர்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் இரண்டுதான். வருமான வரியைக் குறைப்பது எப்படி? அந்த நடிகருக்கும் அந்த நடிகைக்கும் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? மூன்றாவதாக ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. கிளம்பினேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு அடிதடி. செஞ்சி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போனால் இழவு வீடு மாதிரி அமைதி. பெண்ணின் போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்திருந்தார் அக்கா வீட்டுக்காரர். பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர் ஒன்று. யாருடைய ஜாதகமோ. அக்கா ஒன்றும் பேசாமல் காபி கொடுத்தாள்.

போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எதிரே மலை. கீழே கிரிவலம் போகிற கூட்டம் அப்போதே ஆரம்பித்திருந்தது. குற்றவாளி, அதாவது என் அக்கா மகள், இருபது வயது, என்னைப் போலவே பி.காம்., பாவம், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கேட்காமலேயே கடவு எண்ணைச் சொன்னாள். படிக்க ஆரம்பித்தேன்.

தமிழில்தான் இருந்தது. இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் இரண்டு பையன்கள். எழுதியது ஒரு பெண். முப்பது அத்தியாயம் வரைக்கும் ஒருத்தன் கையை ஒருத்தன் தொடவில்லை. முப்பத்தோராவதில் ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவன் வார்டனுக்குத் தெரியாமல் எலெக்ட்ரிக் கெட்டிலில் மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறான். நான் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது ரசம். எல்லாமே ரசம்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். காரசாரமான பகுதிகளும் உண்டு, படித்தேன். நம் மாத நாவல்களில் முதலிரவு அத்தியாயத்தில் வருவதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை. அப்புறம் தாய்லாந்து சீரியல்கள் கிடந்தன. யூனிஃபார்ம் போட்ட பையன்கள், மழை, குடை, கண்ணீர். 1980-களின் தமிழ்ப்படம் மாதிரியே இருந்தது.

“இதுல அப்படி என்னம்மா இருக்கு?” என்றேன்.

“என்ன இருக்குன்னு கேக்காதீங்க மாமா. என்ன இல்லன்னு கேளுங்க.”

“சரி, என்ன இல்ல?”

“பொண்ணு இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். “பொண்ணு இருந்தா நானும் அவகூட சேர்ந்து பயந்துகிட்டே படிக்கணும். இவன் தப்பா எடுத்துப்பானா, இவன் அம்மா என்ன சொல்லுவா, எத்தனை பவுன், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தா, எப்ப விசேஷம்னு... கதையில கூட நான் பரீட்சை எழுதணுமா? இதுல ரெண்டு பேரும் ஆம்பள. யாரும் யாருக்கும் காபி போட்டுத் தரணும்னு இல்ல. போட்டுத் தந்தா, ஆசையாப் போடுறான்னு அர்த்தம்.”

எடுத்துச் சொல்ல வந்தவன் நான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஏதோ நேற்று முளைத்த வியாதி, போன் கொண்டுவந்த கேடு என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கணக்கு. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க டி.வி. தொடர் 1966-ல் தொடங்கி 1969-ல் முடிந்தது. விண்வெளிக் கப்பலின் கேப்டன் கிர்க், அவருடைய கூர்க்காது நண்பர் ஸ்பாக். முடிந்துபோன இந்தத் தொடரை விடாமல் நேசித்த ரசிகைகள், 1974-லிருந்து இந்த இருவரையும் காதலர்களாக்கிக் கதை எழுதி, உருட்டச்சு எடுத்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இருவர் பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் பெயரே, ‘ஸ்லாஷ்’ என்று, இந்த வகைக் கதைகளுக்குப் பெயராகிவிட்டது. எழுதியவர்கள் யார்? ஆசிரியைகள், குடும்பத் தலைவிகள், நூலகத்தில் வேலை பார்த்தவர்கள்.

அதே 1974-ல் ஜப்பானில் ஹாகியோ மோட்டோ என்ற இளம்பெண் ‘தோமாவின் இதயம்’ என்ற சித்திரக்கதையைப் பெண்கள் பத்திரிகையில் தொடராக வரைந்தார். ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி, அங்கே பையன்களுக்குள் காதல். 1976-ல் டாகேமியா கெய்கோவின் தொடர் வந்தது. அது பிரான்சில் நடக்கிறது. அதை வெளியிட ஆசிரியர்கள் தயங்கியதால் அவர் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கிற சந்தை ஒன்று முதல் முறையாக நடந்தது. வந்தவர்கள் சுமார் 700 பேர். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள். இன்று அது உலகிலேயே பெரிய சித்திரக்கதைச் சந்தைகளில் ஒன்று. இந்த வாசகிகளுக்கு அங்கே ‘அழுகிப்போன பெண்கள்’ என்று ஒரு பெயர். முதலில் வைத்தது யார் என்பது இருக்கட்டும். அவர்களே அதைக் கிண்டலாகத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

ஜப்பான் பெண்கள் ஏன் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போனார்கள்? நம் பெண் ஏன் தாய்லாந்துக்குப் போகிறாள்? தூரம் வேண்டும். இரண்டு பெண்கள் காதலிக்கிற கதையும் இருக்கிறதே, அதைப் படிப்பாயா என்று கேட்டேன். “அது பக்கத்துல வந்துடும் மாமா. பயமா இருக்கும்” என்றாள். எனக்கு ரொம்ப நேரம் அந்த பதில் மனசிலேயே நின்றது.

தாய்லாந்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இதே திருவண்ணாமலையில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. அந்தத் திருவெம்பாவை கடல் தாண்டி தாய்லாந்து அரண்மனைக்குப் போய், ‘திரியம்பாவாய்’ என்ற பெயரில் ஊஞ்சல் விழாவானது. பாங்காக்கில் ராட்சத ஊஞ்சல் ஆடுவதை 1935-ல் நிறுத்திவிட்டார்கள், கம்பங்கள் மட்டும் இன்னமும் சிவப்பாக நிற்கின்றன. நாம் அனுப்பியதற்குப் பதிலாக இப்போது அங்கிருந்து சீரியல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவெம்பாவையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாடியவர் ஆண், பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர். பாட்டில் பேசுவதோ விடியலில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு குளிக்கப் போகிற பெண்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார், வாளும் கையுமாகத் திரிந்தவர், பரகால நாயகியாகி அழுதார். சங்க இலக்கியத்தில் தலைவியும் தோழியும் பேசுகிற பாட்டுகளை எழுதியவர்களில் பெண்பாற் புலவர்கள் ஒரு சிலர்தான், மற்றவர்கள் மீசை வைத்தவர்கள். “பெண் மனசு உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எதற்கு இந்த வேலை?” என்று யாராவது அவர்களைக் கேட்டோமா? உருகினோம், உரை எழுதினோம், பரீட்சையில் பத்து மார்க் கேள்வியாகக் கேட்டோம். (பக்தி வேறு, இது வேறு என்று சண்டைக்கு வர இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் பக்தியைப் பற்றிப் பேசவில்லை. யார் யார் குரலில் பேசலாம் என்ற லைசென்ஸ் பற்றிப் பேசுகிறேன்.)

கணக்குப்பதிவியலில் முதல் பாடமே ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும் என்பதுதான். ஆண் பெண்ணாகிப் பாடியதற்கு இரண்டாயிரம் வருஷப் பதிவு ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது. மறுபக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, இரண்டு ஆண்களின் மனசுக்குள் புகுந்து நாலு வரி எழுதினால் மட்டும் வக்கிரமா?

சரி, கதை படித்தால் பெண் கெட்டுப்போவாள் என்பதாவது புதுசா? வை.மு.கோதைநாயகி 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்த ஆரம்பித்து, நூற்றுப் பதினைந்து நாவல் எழுதினார். நாவல் படிக்கிற பெண் உருப்படமாட்டாள் என்று அன்றைக்குப் பெரிய மனிதர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதியதை ஆ.இரா.வேங்கடாசலபதி தேடி எடுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கே வருகிறேன். என் அக்கா, இதோ காபி கொடுத்துவிட்டுப் பேசாமல் போனாளே அவள்தான், ரமணிசந்திரன் நாவல்களை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்தவள். எங்கப்பா ஒருநாள் கண்டுபிடித்து, அவள் கண் எதிரிலேயே இரண்டாகக் கிழித்தார். கடைசி இருபது பக்கம் அவள் படிக்கவே இல்லை. முடிவு என்ன என்று இன்றைக்கு வரை தெரியாது என்பாள். இத்தனைக்கும் அதில் வந்தது ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான், முறையாகத் தாலி கட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி. ஆக, கதையில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதல்ல அப்பாக்களின் பிரச்னை. கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், ஒரு பெண் தனியாக ஒரு சந்தோஷத்தை வைத்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

அப்பாக்களுக்கு மட்டுமல்ல, அரசாங்கத்துக்கும் தாங்கவில்லை. சீனாவில் இதே மாதிரி கதை எழுதி, தானே புத்தகமாக அச்சடித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2018-ல் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு நீதிமன்றம் பத்தரை வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. பலாத்காரம் செய்தவனுக்கே இதைவிடக் குறைவாகத்தானே கொடுக்கிறார்கள் என்று சீனர்களே கேட்டார்கள். 2025-ல் லான்சோ நகரப் போலீஸ், எங்கெங்கோ ஊர்களில் இருந்த இளம் பெண் எழுத்தாளர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. மாணவிகளும் அதில் உண்டு. ஆக, அக்கா வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்ததோடு விட்டார் என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

நம் ஊரில் எதற்குக் கோபம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை மூன்று ரீலுக்குத் துரத்துகிறவனை ஹீரோ என்கிறோம். அறைந்த கையைப் பிடித்துக்கொண்டு அவள் டூயட் பாடப் போவாள். கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிற கதாநாயகன் மாத நாவல்களில் எத்தனை பேர்! அதையெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து, முறுக்கு கடித்துக்கொண்டு பார்க்கிறோம், படிக்கிறோம். ஆணை ஆண் காதலிக்கிறவன் நம் சினிமாவில் எப்படி வருவான்? ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் தொடர் கொலைகாரர்கள் இரண்டு பேரை அப்படிக் கோடிகாட்டினார்கள். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா என்றால், நானும் கேட்கவில்லை, தியேட்டரில் சிரித்தேன். ‘கோவா’ (2010) வந்தபோதுதான் இரண்டு ஆண்கள் ஜோடியாகச் சாதாரணமாக வீட்டில் இருப்பதையே தமிழ்த் திரையில் பார்த்தோம், அதையும் காமெடியாகத்தான். கரிச்சான் குஞ்சு 1978-லேயே ‘பசித்த மானிடம்’ நாவலில் இந்த விஷயத்தை ஒளிக்காமல் எழுதிவிட்டார். இலக்கியக்காரர்கள் கொண்டாடினார்கள், நாம் படிக்கவில்லை.

பெயரைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை நமக்கு. ‘ஓரினச்சேர்க்கை’யாம். படுக்கையைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாதவர்கள் வைத்த பெயர். இதே ‘சேர்க்கை’யைத்தான் காலேஜ் அட்மிஷனுக்கும் வைத்திருக்கிறோம் என்பது தனி வேடிக்கை. பெற்றவர்களுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினார். மரியாதையான சொற்கள் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டதன் பேரில் 2022-ல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. அக்கா வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் போனில் வார்த்தை வரவில்லையே, அவருக்கு அந்தப் பட்டியலை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

சில வருஷங்களுக்கு முன்னால் உறவில் ஒரு பையன், ஆபீஸ் வாசலில் டீக்கடையில் என்னைப் பிடித்தான். வயசு அப்போது இருபத்தெட்டு. டீ ஆறும்வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அண்ணே, எனக்குப் பொண்ணுங்க மேல அப்படித் தோணல. வீட்ல பொண்ணு பார்த்துட்டாங்க. நீங்க பேசினா அப்பா கேப்பார்” என்றான். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நடந்துகொண்டேன். “கல்யாணப் பயம் எல்லாருக்கும் இருக்கிறதுதான்டா, ஆனதும் சரியாயிடும்” என்றேன். முதுகில் தட்டினேன். டீக்குக் காசும் கொடுத்தேன், அதுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான உதவி.

கல்யாணம் நடந்தது. போனேன். ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதினேன். பாயசம் நன்றாக இருந்தது. மணமேடையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷம் கழித்துத் தன் நகையை எண்ணி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். “புருஷனைக் கைக்குள்ள போட்டுக்கத் தெரியல” என்றது ஊர். மலடி என்றும் ஒரு கிழவி சொன்னாளாம். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய இரண்டு வருஷத்துக்கு எந்தப் பேரேட்டில் பதிவு இருக்கிறது?

‘காதல் தி கோர்’ என்ற மலையாளப் படம் 2023 நவம்பரில் வந்தது. மம்மூட்டி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தேர்தலில் நிற்கப்போகிறார். இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனைவி, நம் ஜோதிகா, விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார். காரணம், கணவர் தன்பால் ஈர்ப்பாளர். எல்லோரும் மம்மூட்டியின் துணிச்சலைப் புகழ்ந்தார்கள், புகழ வேண்டியதுதான். எனக்கு ஜோதிகா உட்கார்ந்திருந்த விதம்தான் மறக்கவில்லை. அந்தக் கோர்ட் படியேறுகிறவள் கணவனுக்கும் சேர்த்துத்தான் விடுதலை கேட்கிறாள். என் உறவில் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை.

இப்போது அக்கா வீட்டுக்காரரையும், அவரை மாதிரி தலையில் அடித்துக்கொள்கிற எல்லா அப்பாக்களையும் கேட்கிறேன். கதையில் இரண்டு ஆண்களுக்கு நடுவே பெண்ணே இல்லை என்பது உங்களுக்கு அருவருப்பு. நிஜத்தில், அந்த இடத்தில் வலுக்கட்டாயமாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, பட்டுப்புடவை கட்டி, நலங்கு வைத்து உட்கார வைத்தது யார்? நீங்களும் நானும்தானே? அதற்கு நாள் பார்த்தோம், பத்து பொருத்தம் பார்த்தோம், பந்தி பரிமாறினோம். அந்த ஒரு பொருத்தத்தை மட்டும் பார்க்கவில்லை. இந்தத் தொடர்கதை படிக்கிற பெண்களாவது, அந்த இருவரையும் விட்டுவிடுங்கள், நடுவே எங்களைச் சொருகாதீர்கள் என்கிறார்கள். இதில் யார் வக்கிரம்?

இதற்காக வாசகிகளை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. 1992-ல் ஜப்பானில் சாத்தோ மசாகி என்ற ஒருவர், தானே தன்பால் ஈர்ப்பாளர், ஒரு பெண்ணியச் சிற்றிதழில் இந்தக் கதைகளைக் கிழிகிழி என்று கிழித்தார். நீங்கள் எழுதுகிற அழகுப் பையன்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் வாழ்க்கை உங்களுக்குப் பொழுதுபோக்கா என்பது அவர் கோபத்தின் சாரம். வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. சில எழுத்தாளர்கள் அதற்கப்புறம் யோசித்து எழுத ஆரம்பித்தார்கள். சிலர் கண்டுகொள்ளவே இல்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23-ம் தேதி ஒருபால் திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. முதல் நாளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிவு செய்துகொண்டன. சீரியலால்தான் சட்டம் வந்தது என்றால் அது பொய், பல வருஷம் தெருவில் நின்றவர்கள் வாங்கியது அது. ஆனால் சீரியல் பார்த்த ஜனங்களுக்கு அந்தக் கல்யாணம் அந்நியமாக இருந்திருக்காது. இங்கே 377-வது பிரிவின் கழுத்துப்பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ம் தேதி தளர்த்தியது. கல்யாணம் மட்டும் கிடையாது என்று 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. நம் வாசகிகளில் எத்தனை பேருக்கு இந்தத் தேதிகள் தெரியும்? ஹீரோக்கள் பிறந்தநாள் எல்லாம் தெரிந்திருக்கிறது.

மொட்டை மாடியில் இதை அக்கா மகளிடமும் கேட்டேன். “இந்தப் பையன்களுக்காக விடிய விடிய அழறியே, நிஜத்துல ஒருத்தன் உன் முன்னாடி வந்து நின்னா என்ன பண்ணுவ?”

அவள் என்னையே பார்த்தாள். “நிஜத்துல ஒருத்தன் வந்து நின்னப்ப நீங்க என்ன பண்ணீங்க மாமா?”

டீக்கடை விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையனே சொல்லியிருக்கிறான். குடும்பத்தில் அவன் பேசுகிற ஒரே ஆள் இவள்தான். ஹாஸ்டல் பையன் ரசம் வைக்கிற கதையை இவள் அவனுக்கும் அனுப்பியிருக்கிறாள். சிரித்தானாம், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

“பீரோ மேல ஒரு கவர் பாத்தீங்களா?” என்றாள். “அது அவருக்குப் பார்க்கிற ரெண்டாவது பொண்ணோட ஜாதகம். அப்பாதான் முன்னால நின்னு பண்றார்.”

கீழே இறங்கி வந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “பேசினியா?” என்றார். “பேசினேன் மாமா. போன்ல இருக்கிறது கதை. அந்தக் கவர்ல இருக்கிறது ஒரு பொண்ணு” என்றேன். அவருக்கு முகம் மாறியது. அவனைப் பற்றி அவருக்கும் தெரியும் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. “அது வேற, இது வேற” என்றார். “அவனுக்கும் வயசாகுது, நாளைக்கு யார் சோறு போடுவா?” என்றார். சோறு போட ஆள் வேண்டுமென்றால் மெஸ்ஸில் சொல்லி வைக்கலாம், ஜாதகம் எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. அக்கா நின்றிருந்தாள், விழுங்கிக்கொண்டேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால், அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவாரே, அந்த இரண்டு நிமிஷ தரிசனத்துக்காக மத்தியானத்திலிருந்து நெரிசலில் நிற்கிறவர். ஆண் பாதி, பெண் பாதி என்று கண்ணில் தண்ணீர் வரக் கும்பிடுவார். இரண்டு நிமிஷத்தில் சாமி உள்ளே போய்விடும், மறுபடி அடுத்த வருஷம்தான். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் வெளியே உலாவினால் அவர் தாங்குவாரா என்று தெரியவில்லை.

ஆட்களை அடையாளம் தெரியாதபடி வயசையும் உறவையும் இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன். இந்தப் பத்திரிகை வாராவாரம் அக்கா வீட்டுக்கும் போகிறது. படிக்கட்டும்.

போனை அன்றைக்கு ராத்திரியே திருப்பிக் கொடுத்துவிட்டார், கடவு எண் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவள் தலையாட்டிவிட்டு உடனே போட்டுக்கொண்டாள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “கவர் இன்னும் பீரோ மேலதான் இருக்கு மாமா. பொண்ணு வீட்டு நம்பர் அது மேல எழுதியிருக்கு. பேசட்டுமா?”

வேண்டாம் என்று பதில் போட்டேன். அவனைக் கேட்காமல் அவன் ரகசியத்தை யாரிடமும் சொல்லும் உரிமை அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சொல்வதானால் அவனே சொல்ல வேண்டும். கூட ஒரு ஆள் நின்றால் சொல்வானோ என்னவோ. நேற்று அவனுக்குப் போன் போட்டேன். முழு ரிங் போனது, எடுக்கவில்லை. இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அவன் அறைக்கே போகிறேன்.